வியாழக்கிழமைக்காரருக்கு ஒரு பயான்

அறுபத்து நான்காம் வயதில் நான் மார்க்கப் பணிக்காக நாற்பது நாள் வீட்டை விட்டுக் கிளம்பினேன். வாசலில் என் மனைவி என்னை நிறுத்தினாள். கண் கலங்கப் போகிறாள், ஏதாவது ஓதி ஊதப் போகிறாள் என்று நானும் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு நின்றேன்.

“பையத் தொறங்க,” என்றாள்.

“எதுக்கு?”

“கரண்டி ஏதும் வச்சிருக்கீங்களான்னு பாக்கணும்.”

நான்கு ஜிப்பா, மூன்று கைலி, சுருட்டிய பாய், ஒரு போர்வை, பிரஷர் மாத்திரை. கரண்டி இல்லை. அவள் நம்பாமல் பாயை விரித்து உதறினாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற நேரத்தில் சண்டை எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஈப்போவில் நாற்பது ஆண்டு சாப்பாட்டுக் கடை நடத்தியவன் நான். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் மூலைக் கடை. கல்யாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால்கூடச் சமையல்கட்டை எட்டிப் பார்த்து, “நெருப்பக் கொறைங்க லா,” என்று ஆரம்பித்து, கடைசியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தேக்சாவைக் கிண்டிக்கொண்டிருப்பேன். என் சொந்த மகளின் நிக்காஹ் அன்று பெண்ணைக் கொடுக்கும் தகப்பனாய் மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க ஆளைக் காணோம் என்று என்னை ஊரெல்லாம் தேடினார்கள். நான் பிரியாணி தம்முக்குப் பக்கத்தில் நின்றேன்.

“நாப்பது நாளும் அடுப்புப் பக்கம் போக மாட்டேன்,” என்றேன். “நான் பேசப் போறேன். பயான் பண்ணப் போறேன்.”

பயான் என்றால் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் செய்யும் சொற்பொழிவு. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

“நீங்க சலாம் சொன்னாலே ‘என்ன சாப்புடுறீங்க’ன்னு கேக்குற மாதிரிதான் இருக்கும்,” என்றாள். பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்து, “அவர் இருப்பாரா அங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் என்றால் வியாழக்கிழமைக்காரர். நாங்கள் வீட்டில் அவரை அப்படித்தான் சொல்வோம். எங்கள் வட்டாரத்துப் பள்ளியிலிருந்து வியாழக்கிழமை தோறும் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். என் கடைக்கு வந்ததும் தேத்தண்ணிப் பட்டறைக்கு முன்னால் நின்று, “மஃரிபுக்கு வாங்க பாய், தொழுதுட்டு அஞ்சு நிமிசம் உக்காந்து நல்ல பேச்சு கேக்கலாம்,” என்பார். அந்த நேரம் கடையில் ஈ நுழைய இடமிருக்காது. நான் இரண்டு கையாலும் தேத்தண்ணியை இழுத்து ஆற்றிக்கொண்டே, “வாரேன் பாய், நீங்க முன்ன போங்க,” என்பேன். அவருக்கு ஒரு தே ஓ கொசோங் போட்டுக் கொடுப்பேன். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, வெறும் சாயத் தண்ணீர். மனிதர் அதை அமுதம் மாதிரி குடிப்பார். குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, “ஒரு நாளு நீ பேசி நான் கேக்கணும் லா,” என்று சொல்லிவிட்டுப் போவார்.

இப்படி முப்பது வருஷம். முப்பது வருஷமும் நான் ‘வாரேன்’ என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவேன். செருப்புகளுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு, இமாம் சலாம் கொடுத்த வேகத்தில் பாய்ந்து கடைக்கு ஓடுவேன். வியாழக்கிழமை மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. பிறகு முட்டி தேய்ந்து, நடை குறைந்து, சித்தியவான் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் தோள்பட்டை இறுகிப்போனது. கடையை மருமகனிடம் கொடுத்தேன். கொடுத்த மறுவாரம் வியாழக்கிழமை அசருக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் நினைவு வந்து நெஞ்சில் முள் மாதிரிக் குத்தியது.

அப்போதுதான் எங்கள் பள்ளியில் ஏழு பேர் நாற்பது நாள் புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கமுந்திங்கில் ஆரம்பித்து, மூன்று நாளைக்கு ஒரு பள்ளியாகத் தங்கி, கடைசி மூன்று நாள் அதே தோட்டத்துச் சுராவில் முடியும் பயணம். சுராவ் என்றால் சின்னப் பள்ளி. நான் உடனே பேர் கொடுத்தேன். அந்தச் சுராவில் எழுந்து நின்று பேச வேண்டும், அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எனக்கு இது ஒன்றுதான் ஆசை. கடையில் ஆர்டர் எழுதும் துண்டுச் சீட்டுகளில் பதினோரு சீட்டு நிறைய என் பயானை எழுதி ஜிப்பா பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் குழுவில் தினமும் சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்து ஆலோசனை செய்வோம். இன்றைக்கு யார் பேசுவது, யார் வீடு வீடாகப் போய் அழைப்பது, யார் சமைப்பது என்று அமீர் பிரித்துக் கொடுப்பார். அமீர்தான் குழுவுக்குத் தலைவர். இதில் ஒரு ஒழுங்கு உண்டு. எந்த வேலையையும் ‘எனக்குக் கொடுங்கள்’ என்று கேட்கக் கூடாது. கொடுத்த வேலையை ‘மாட்டேன்’ என்றும் சொல்லக் கூடாது. கேட்டால் மனசில் பெருமை இருக்கிறது என்று அர்த்தம், மறுத்தாலும் பெருமைதான். நாற்பது ஆண்டு முதலாளியாக இருந்து வாயைத் திறந்தாலே அதிகாரம் பண்ணிப் பழகியவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அமீர் முப்பத்தைந்து வயதுக்காரர். கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், மென்மையான பேச்சு. ஆனால் படிக்கிற காலத்தில் என் கடையில் ரொட்டி சானாய் தின்று வளர்ந்தவர். என் மீன் குழம்பின் ருசி அவர் நாக்கில் பச்சை குத்தியது போல் ஒட்டிக்கொண்டிருந்தது. கமுந்திங்கில் முதல் நாள் காலை வட்டத்தில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் ஜிப்பா பையிலிருந்த சீட்டுகளைத் தொட்டுக்கொண்டேன்.

“இன்னிக்கு சமையல் கித்மத்து... நம்ம பாய்,” என்றார். கித்மத்து என்றால் பணிவிடை.

முதல் நாள்தானே என்று நினைத்தேன். மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, கோழிக் குருமாவும் நெய்ச்சோறும் ஆக்கினேன். அன்று மாலை பயானுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். பேச்சு முடிந்து அவர்களுக்கும் சஹன் தட்டில் சோறு வைத்தோம், நான்கு பேருக்கு ஒரு தட்டு. அவர்கள் விரலைச் சூப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் முப்பது பேர். மூன்றாம் நாள் பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்து ஷிப்ட் முடிந்த பங்களாதேஷ் தொழிலாளிகள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். பயான் நடக்கிற நேரம் முழுக்க அத்தனை கண்ணும் சமையல்கட்டுக் கதவின் மேல் இருந்தன.

அமீர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பாய், இது ஒங்க கறிக்கு வந்த கூட்டம் லா! மாஷா அல்லாஹ்!”

அவ்வளவுதான், என் கதை முடிந்தது. அடுத்த பள்ளியில் சமையல் பாய். அதற்கடுத்த பள்ளியிலும் சமையல் பாய். காலை ஆலோசனையில் மற்ற வேலைகளை யோசித்து யோசித்துப் பிரிப்பார், என் வேலையை மட்டும் கேட்பதே இல்லை. என் பக்கம் கையை நீட்டி, “அது சொல்லவே வேணாம்,” என்று தாண்டிப் போய்விடுவார். மற்ற ஆறு பேரும் சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயைத் திறந்தால் பெருமைக்காரன் ஆகிவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரிப்பேன்.

லூமுட்டில் ஒரு நாள் மாலை வீடு வீடாகப் போகிற குழுவில் என்னையும் சேர்த்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஜிப்பாவுக்கு அத்தர் பூசிக்கொண்டேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினோம். ஒரு மலாய்க்காரர் வெளியே வந்தார். நான் சலாம் சொல்லி வாயெடுப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பாஸ்! ஈப்போ பாஸ்!” என்று உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “கெடாய் பூகா சினி கா?”

இங்கே கடை திறக்கிறீர்களா என்று கேட்கிறார். நான் மறுமை வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வந்தவன். அவர் நான்கு பொட்டலம் மீ கோரேங் எப்போது கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். குழுவில் இருந்த கடற்படைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். அவர் லூமுட் கடற்படைத் தளத்தில் சமையல் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குழுவின் நேரக் காவலர். சோறு ஆறு நிமிஷம் தாமதமானாலும் கைக்கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

அன்றுதான் எனக்கு அந்தக் கெட்ட யோசனை வந்தது. சமையல் மோசமானால் வேறு ஆளைப் போடுவார்கள் அல்லவா?

மறுநாள் பருப்பாணக் குழம்பில் உப்பை அள்ளி அள்ளிப் போட்டேன். மூன்று கை. போட்டுவிட்டு வெளியே போய் மரத்தடியில் நின்றேன். ஒரு நிமிஷம் நின்றிருப்பேன். கால் தானாகத் திரும்பியது. கை தானாக நான்கு உருளைக்கிழங்கை எடுத்து நறுக்கி உள்ளே போட்டது. தண்ணீர் விட்டது, புளியை விலக்கி ஒரு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றியது. நான் ‘நில், நில்’ என்கிறேன், கை என் பேச்சைக் கேட்கவே இல்லை. பந்தியில் அமீர் மூன்று தடவை போட்டுக்கொண்டார். “கெழங்கு போட்டது சூப்பர் பாய்,” என்றார்.

இரண்டாம் முயற்சியில் கையை ஏமாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, கத்தரிக்காய்ச் சாலனாவில் உப்புக்குப் பதிலாகச் சீனியைக் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தொழப் போய்விட்டேன். ஆனால் எங்கள் ஒழுங்கில் இன்னொன்று இருப்பதை மறந்துவிட்டேன். சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது. ஏழு பேரும் ஒரு கவளம் வாயில் வைத்தார்கள். ஏழு முகமும் ஒரே நேரத்தில் ஒரு மாதிரி ஆனது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே கடைசிச் சொட்டு வரை வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்கே அழுகை வரும்போல் இருந்தது. கடற்படைக்காரர் கை கழுவிவிட்டு வந்து என் தோளைத் தட்டினார்.

“மனசு விட்றாதீங்க அண்ணே. கப்பல்ல இதவிட மோசமா சாப்ட்ருக்கேன்.”

ஆறுதல் சொல்கிறாராம்! நாற்பது ஆண்டில் ஒருத்தன் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மானம் போய்விட்டது. மறுநாள் ஆட்டுக்கறிப் பிரியாணி போட்டு, மாங்காய்ப் பச்சடியும் வைத்து, அவர் நான்காவது தடவை சோறு கேட்கும் வரை எதிரிலேயே நின்று பார்த்தேன். அதோடு என் சூழ்ச்சியும் பாழாய்ப் போயிற்று.

இப்படியே முப்பத்தேழு நாள் ஓடிக் கடைசித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். பெயர்தான் ரப்பர்த் தோட்டம். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். பழைய லயத்து வீடுகளில் இந்தோனேசியர்களும் பங்களாதேஷ் ஆட்களும் இருந்தார்கள். பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, சில மலாய்க் குடும்பங்கள் வரும், தமிழ் முஸ்லிம் வீடு மூன்றோ நான்கோ. சுராவுக்குத் தகரக் கூரை. ஒரு பக்கம் மின்விசிறி ஓடினால் மறுபக்கம் விளக்கு அணைந்துவிடும்.

அவர் அங்கே இருந்தார். முன்வரிசையில் வலது தூணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாய் வற்றிப்போயிருந்தார். ஒரு காதில் கருவி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தேத்தண்ணிக் கடைதானே நீ?”

“ஆமா பாய்.”

“ஆ?”

“ஆமா பாய்!”

“கடைய யாரு பாக்குறா?”

“மருமவன்!”

“பேசுறியா?”

என்ன சொல்வது? நான் பேச்சாளன் இல்லை, சமையற்காரன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பேசுவேன் பாய்! இன்ஷா அல்லாஹ்!” என்று கத்தினேன். சுராவ் முழுக்கக் கேட்டது. அமீர் திரும்பிப் பார்த்தார். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை என் பக்கம் கையை நீட்டவில்லை, வாயாலேயே அழுத்திச் சொன்னார். “சமையல், பாய்.” அதற்கு மறுநாளும் சமையல். இரண்டு மாலையும் வேறு யாரோ பேச, வியாழக்கிழமைக்காரர் தலையைத் திருப்பித் திருப்பிச் சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அரிசி களைகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசி நாள் காலை அமீர் சொன்னார், “இன்னிக்கு முடிவு பயான் நானே பண்றேன். பாய், நீங்க மத்தியானம் தோட்டம் பூரா சாப்புடுற மாதிரி ஒரு பெரிய சமையல் போட்ருங்க. கடைசி நாளு, அசத்திருங்க.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபமா, துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். அம்மியில்லை, யாரோ கொடுத்த பழைய மிக்ஸி ஒன்று இருந்தது. சம்பாலுக்குச் சிலி பாடி, அந்தக் குட்டியூண்டு நெருப்பு மிளகாய், ஒரு கிலோ வாங்கி வந்திருந்தார்கள். சாதாரணமாக மூன்று நாளைக்கு வரும் அளவு. நான் அமீரை நினைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி போட்டு அரைத்தேன். முப்பது வருஷத்தை நினைத்துக்கொண்டு இன்னொரு கைப்பிடி. மீ கோரேங் கேட்ட லூமுட்காரரை நினைத்து ஒன்று. கடைசியில் பார்த்தால் பொட்டலம் காலியாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் எதையும் திட்டம் போடவில்லை. வெறும் கோபத்தில் அரைத்தேன்.

ஊர் ஆட்கள் சம்பாலை விரல் நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிவிட்டார்கள். அமீர்தான் குறை சொல்லக் கூடாதே. முதல் வாயிலேயே அவர் காது இரண்டும் சிவந்தன. “அல்ஹம்துலில்லாஹ்,” என்று சொல்லி, கண்ணீர் வழிய, என் மனசு நோகக் கூடாது என்று இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். மூன்றாம் தடவை கையை நீட்டும்போது ஆரம்பித்தது.

விக்கல்.

தண்ணீர் கொடுத்தோம். நிற்கவில்லை. சீனி கொடுத்தோம். மூச்சை அடக்கச் சொன்னோம். லுஹர் தொழுகையில் ருக்கூவில் குனிந்தால் ஒரு விக்கல், சஜ்தாவில் நெற்றியை வைத்தால் ஒரு விக்கல். பயமுறுத்தினால் நிற்கும் என்று கடற்படைக்காரர் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, “கப்பல் முழுகுது!” என்று அலறினார். கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்த இந்தோனேசியர் ஒருவர் வழுக்கி விழுந்தார். விக்கல் நிற்கவில்லை. அசர் ஆயிற்று. அமீர் சோர்ந்துபோய் எங்களை வட்டமாக உட்கார வைத்தார். மற்றவர்களெல்லாம் ஏற்கெனவே நாலைந்து தடவை பேசியவர்கள். பேசாத ஆள் ஒருவன்தான்.

“பாய்... ஹிக்... இன்னிக்கு நீங்க... ஹிக்... பேசுங்க லா.”

மறுக்கக் கூடாது என்பதுதானே ஒழுங்கு? நான் மறுக்கவில்லை.

சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதே நேரம் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. ஒரு நல்ல மனிதரின் வாயை மிளகாயால் அடைத்துவிட்டு அல்லவா அவர் இடத்தில் நிற்கப் போகிறேன்?

மஃரிப் முடிந்தது. சுராவ் நிரம்பி வழிந்தது. மத்தியானச் சோற்றின் புண்ணியம். வியாழக்கிழமைக்காரர் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எழுந்து நின்று ஜிப்பா பையில் கையை விட்டுப் பதினோரு சீட்டையும் எடுத்தேன். நாற்பது நாளும் அடுப்படிக்கு அந்த ஜிப்பாவைத்தான் மாட்டிக்கொண்டேன். சீட்டெல்லாம் மஞ்சளும் எண்ணெயும் ஊறி ஒரே அடையாய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

எதிரே தமிழர், மலாய்க்காரர், பங்களாதேஷ்காரர், இந்தோனேசியர். எல்லாருக்கும் புரிகிற மாதிரி பேசினால் மலாயில்தான் பேச வேண்டும். என்னுடைய மலாய் கடை மலாய். ‘காரம் வேணுமா, கட்டிக் கொடுக்கவா, எத்தனை பேர்’ என்ற அளவில் நின்றுவிடுகிற மலாய். அதில் சொர்க்கத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமினேன். அமீர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து ஹிக் என்றார். அந்தச் சத்தம் கேட்டதும் என் வாயிலிருந்து உண்மை கொட்ட ஆரம்பித்தது.

பாதி மலாய், பாதி தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். பேச ஆசைப்பட்டதை, கேட்க முடியாமல் போனதை, உப்பை, சீனியை, மிளகாயை. அமீரிடம் எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்டேன். ஈப்போவில் ஒருவர் முப்பது வருஷம் என்னை அழைத்ததையும், நான் முப்பது வருஷம் ‘வாரேன், நீங்க முன்ன போங்க’ என்று சொல்லித் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பியதையும் சொன்னேன். வியாழக்கிழமைக்காரர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் நிறுத்திய இடத்திலெல்லாம் தலையை ஆட்டினார், சரியான இடத்தில் புன்னகைத்தார். அவர் ஒருவர் தலையாட்டியதே எனக்கு ஆயிரம் பேர் கேட்ட மாதிரி இருந்தது. அந்தத் தெம்பில்தான் கடைசிவரை பேசினேன்.

பயான் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. பேசியவர், அடுத்து மூன்று நாள் பணிக்கு யார் யார் தயார் என்று கேட்க வேண்டும். தயாரானவர்கள் கையைத் தூக்குவார்கள். நானும் கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. கூரையில் பல்லி மட்டும் கத்தியது. நான் வேர்த்துக்கொண்டு நின்றேன். அப்போது முன்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், ஒரு சுருங்கிய கை மெதுவாக மேலே எழுந்தது.

நாற்பது ஆண்டுப் பழக்கம், நான் என்ன செய்வேன்? எதிரே ஒரு கை உயர்ந்ததும், தொண்டை கிழிய, சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, கடைக் குரலில் கூவினேன்.

“தே ஓ கொசோங் ஒண்ணு!”

பிறகு பின்வரிசையில் ஒரு பங்களாதேஷ்காரர் கையைத் தூக்கினார். “தே தாரிக் சாத்து, பாஸ்!” இழுத்து ஆற்றிய பால் தேத்தண்ணி அவருக்கும் ஒன்று வேண்டுமாம். அவ்வளவுதான். தகரக் கூரை பறந்துவிடும்போல் சிரிப்பு. அத்தனை கையும் மேலே போயின. கடற்படைக்காரர் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அமீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து, சிரித்து ஓய்ந்து எழுந்தபோது விக்கல் நின்றிருந்தது.

எனக்கு மட்டும் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷக் கடனை அடைக்க வந்த இடத்திலும் ஆர்டர் எடுத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. நேரே போய் அவர் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டேன்.

“மன்னிச்சிருங்க பாய். வாய் தவறிருச்சு.”

“ஆ?”

“மன்னிச்சிருங்க!”

அவர் காதைத் தொட்டுக் காட்டினார். காதில் கருவி இல்லை. “காலைல சார்ஜுல போட்டேன், மவ வீட்டுல கெடக்கு. நீ பேசுனது ஒண்ணும் வெளங்கல.”

தலையாட்டியது, புன்னகைத்தது எல்லாம்? அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன். “அப்ப எதுக்கு பாய் கை தூக்குனீங்க? நான் என்ன கேட்டேன்னு தெரியுமா?”

“தெரியாது. நீ எதையோ கேட்டுட்டு நின்னே. ஒருத்தரும் கை தூக்கல, ஒம் மூஞ்சி வாடிப்போச்சு. அதான் தூக்குனேன்.” என் தலையில் கையை வைத்தார். “முப்பது வருசம் நான் கேட்டப்பல்லாம் எம் மூஞ்சியும் அப்படித்தானே லா இருந்திருக்கும்?”

நான் அழுதேன். அறுபத்து நான்கு வயதுக் கிழவன், அத்தனை பேருக்கு முன்னால் மூக்கை ஜிப்பாவில் துடைத்துக்கொண்டு அழுதேன். மசாலா ஜிப்பா. கண் இன்னும் எரிந்தது.

“சரி, வந்துட்டேல்ல. அழுவாத,” என்றார். “தேத்தண்ணி எங்க?”

போட்டுக் கொண்டுவந்தேன். பாலும் இல்லை, சீனியும் இல்லை. இரண்டு மிடறு குடித்துவிட்டு, அதே பழைய மாதிரி கிளாஸைக் கீழே வைத்தார். “வெசாலக்கெழம வா,” என்றார். “வாரேன் பாய்,” என்று எனக்கு வாயில் வந்துவிட்டது. அவர் உடனே விரலை நீட்டினார். “இந்தத் தடவ என்னைய முன்ன போகச் சொல்லாத லா. இந்த வயசுல அது நல்லா இல்ல.”

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, பேசினீர்களா என்பது. பேசினேன் என்றேன். என்ன சொன்னார்கள் என்றாள். தேத்தண்ணி கேட்டார்கள் என்றேன். சிரிக்கப் போகிறாள் என்று பார்த்தால், சிரிக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய பிளாஸ்க்கை இறக்கிக் கழுவ ஆரம்பித்தாள்.

இன்று வியாழக்கிழமை. ஈப்போவிலிருந்து அந்தத் தோட்டத்துக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். அசருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். காதுக் கருவியை மாட்டிவிடச் சொல்லி அவர் மகளுக்குப் போன் பண்ணிவிட்டேன்.